பிணியும் பெருமிதமும்: தொலைக்காட்சிக் கொடைவிழா பற்றிய ஓர் ஆய்வு

உள்ளத்து நிகழ்வன உடம்பின்வழிப் புறத்தே புலப்படுதலை மெய்ப்பாடு என்றனர் தமிழிலக்கண நூலார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டென வகுத்த தொல்காப்பியர், அவை ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன் நந்நான்கு எனவுங் கூறினார். அவ்வகுப்பிலே பிணி இடம்பெறும் இடம் சிந்திக்கத்தக்கது. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்குமே அழுகைக்கு நிலைக்களன். பிணி அவற்றுள் ஒன்றன்று. மூப்பு, வருத்தம், மென்மை என்பவற்றோடு சேர்த்து அதனை இளிவரலுக்கு நிலைக்களனாக வைத்தார் ஆசிரியர். பிணியைச் சார்ந்து முதற்கண் எழுவது இரக்கமன்று, இழிவுணர்ச்சியே என்னும் இக்கருத்து இன்றைய உள்ளங்களுக்குக் கடுமையாகத் தோன்றலாம். எனினும், பிணியாளரைத் திரையிற் காட்டி ஏறக்குறைய அரைநூற்றாண்டு காலம் பெரும்பொருள் திரட்டிய ஒரு தொலைக்காட்சி வடிவத்தை ஆராயப் புகுவார்க்கு இவ்வகுப்பினுஞ் சிறந்த அளவுகோல் கிடைத்தல் அரிது.

அவ்வடிவம் அமெரிக்காவிலே 'டெலித்தோன்' எனப்படுவது. தொலைக்காட்சியின் ஆங்கிலப் பெயரது முற்கூற்றையும், மரதன் ஓட்டத்தின் பெயரது பிற்கூற்றையும் ஒட்டி ஆக்கிய சொல் இது. ஓட்டக்காரன் களைப்பினைப் பொருட்படுத்தாது ஓடுதல்போல, நிகழ்ச்சியை நடத்துவோனும் இரவுபகல் உறங்காது பேசியும் பாடியும் ஆடியும் பார்ப்போரிடம் நன்கொடை வேண்டி நிற்பான். 1949ஆம் ஆண்டில் மில்டன் பேர்ள் என்னும் நகைச்சுவை நடிகர் புற்றுநோய் நிதியொன்றுக்காக 16 மணிநேரம் இவ்வாறு நடத்தியதே இதன் தொடக்கம் என்பர். தமிழில் இதனைக் கொடைவிழா என வழங்குதல் பொருந்தும். விழாவுக்குரிய ஆரவாரமும் கொடைக்குரிய அடக்கமின்மையும் இதனுட் கலந்து கிடக்கின்றன.

இவ்வகை விழாக்களுள் நெடிது வாழ்ந்ததும் பெரும்புகழ் பெற்றதும் ஜெரி லூயிஸ் நடத்தியதே. தசைநலிவு நோய்களுக்காக 1950இல் அமைக்கப்பட்ட சங்கத்தின் பொருட்டு, 1966ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத் தொழிலாளர் தின விடுமுறையில் நியூயோர்க் நிலையமொன்றிலிருந்து அவர் இதனை நடத்தினார். இருபத்தொன்றரை மணிநேரம் நிகழ்ந்த அவ்விழாவிலே 10 இலட்சம் டொலருக்கு மேல் திரண்டது. அதன்பின் ஆண்டுதோறும் அதே விடுமுறையில் அமெரிக்க இல்லங்களுக்கு அது வந்துகொண்டிருந்தது. 2008இல் மட்டும் 6 கோடியே 50 இலட்சம் டொலர் சேர்ந்தது. லூயிஸ் இறுதியாக நடத்தியது 2010இல். அவரின்றிச் சுருங்கிய உருவில் 2014 வரை அது தொடர்ந்தது.

நோயுற்ற குழந்தையின் படத்தை முன்வைத்துப் பொருள் வேண்டும் வழக்கம் லூயிஸ் கண்டதன்று. போலியோ என்னும் இளம்பிள்ளை வாதத்தை ஒழித்தற்கென 1938இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ற் தோற்றுவித்த நிறுவனம், ஊன்றுகோலும் இரும்புப் பட்டையும் அணிந்த சிறுவர் சிறுமியரின் படங்களைச் சுவரொட்டிகளில் அச்சிட்டு நாடெங்கும் ஒட்டியது. சில்லறை நாணயங்களாகச் சேர்ந்த அப்பணமே சோல்க் என்பாரின் தடுப்பு மருந்துக்கு வழிகோலியது. 1955ஆம் ஆண்டு ஏப்ரிலில் அம்மருந்தின் வெற்றி அறிவிக்கப்பட்டது. இங்கே நோக்கத்தக்க முரண் ஒன்றுண்டு. அந்நோயால் கால் வழங்காதிருந்த ரூஸ்வெல்ற், தம்முடைய சக்கர நாற்காலி பொதுமக்கள் பார்வையிற் படாதவாறு பெரிதும் பாடுபட்டார். நாட்டை ஆள்பவரின் நாற்காலி மறைக்கப்பட்டது. பொருள் தேடித் தரும் குழந்தையின் ஊன்றுகோலோ விளம்பரம் பெற்றது. அதிகாரமும் உடற்குறையும் ஒருவரிடத்தே ஒருங்கு காணப்படுதலை அக்காலத்து மக்கள் ஏற்கார் என்னும் அச்சமே இதற்குக் காரணம். பின்வந்த கொடைவிழாக்களின் இலக்கணம் முழுவதும் இம்முரணில் வித்தாக அடங்கியுள்ளது எனலாம்.

இனி விழாவின் அமைப்பை நோக்குதல் தகும். அது தனியொரு சுவையில் நிற்பதன்று. நகைச்சுவைக் காட்சியொன்று முடிந்ததும் நோயுற்ற சிறுவனொருவனின் வாழ்க்கைப் படம் வரும். படம் முடிந்ததும் பெருந்தொழில் நிறுவனமொன்றின் தலைவர் மேடையேறிக் காசோலை வழங்குவார். உடனே முரசு அதிரத் தொகைப் பலகையின் எண்கள் மாறும். பின்னர் ஒரு பாடல். பின்னர் மீண்டும் ஒரு குழந்தை. நகையும் அழுகையும் உவகையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்று வரும் இவ்வமைப்பு, பார்ப்போன் எதனிலும் நெடுநேரம் தங்காதவாறு அவனைக் காக்கின்றது. நோயாளியின் துயரத்திலே அவன் ஆழ்ந்துவிடின் தொலைக்காட்சியை அணைத்துவிடுவான். துயரமே இல்லையாயின் பணம் அனுப்பான். ஆகலின், இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதோர் அளவிலே அழுகை நிறுத்துக் கொடுக்கப்பட்டது.

நகைக்கு நிலைக்களனாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பவற்றைக் கூறுவார் தொல்காப்பியர். லூயிஸின் நடிப்பு இந்நான்கையும் தழுவியது. கைகால் தம் வசத்தில் நில்லாது தடுமாறுபவனாகவும், குரல் கீச்சிடும் வளர்ந்த குழந்தையாகவும் நடித்தே அவர் திரைப்படத்திற் பெரும்புகழ் எய்தினார். வளர்ந்தவர் குழந்தையாக நடித்தலை மக்கள் விரும்பினர். அவரே பின்னர் நோயாளர் அனைவரையும் 'ஜெரியின் பிள்ளைகள்' என்னும் பெயரால் அழைத்தார். நடிகர் தம் விருப்பத்தாற் பூண்ட வேடத்தை நோயாளர் தம் விருப்பமின்றியே பூண நேர்ந்தது. தசைநலிவுச் சங்கத்தின் பராமரிப்புக்குட்பட்ட நோய்கள் நாற்பதுக்கு மேற்பட்டவை. அவற்றுட் பல, மனிதர் வளர்ந்து தொழில் செய்து குடும்பம் நடத்தும் பருவத்திலே தோன்றுவன. ஐம்பது வயதினரும் அந்த 'பிள்ளை'களுள் அடங்கினர் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இவ்விழாவின் வரலாற்றிலே யாவரும் இன்றும் நினைவுகூருங் காட்சி 1976இல் நிகழ்ந்தது. இருபது ஆண்டுகளாகப் பிரிந்திருந்த லூயிஸையும் அவருடைய பழைய கூட்டாளி டீன் மார்ட்டினையும் பாடகர் பிராங்க் சினாட்ரா மேடையிலே திடீரெனச் சந்திக்கச் செய்தார். இருவரும் தழுவிக்கொண்டனர், பார்த்தோர் கண்கலங்கினர். நோயாளர்க்கென எடுக்கப்பட்ட விழாவில் உச்சமான மெய்ப்பாட்டை எழுப்பிய அக்காட்சியில் நோயாளர் ஒருவரும் இலர். வேறு பல சான்றுகள் செய்யவேண்டிய வேலையை இவ்வொன்றே செய்துவிடுகின்றது. விழாவின் கதைத்தலைவன் நோயாளியல்லன், கொடுப்போனே. கொடை என்பது கல்வி, தறுகண், புகழ் என்பவற்றோடு சேர்ந்து பெருமிதத்துக்கு நிலைக்களனாகும் என்பது தொல்காப்பியர் துணிபு. கொடைவிழா பார்ப்போனுக்கு வழங்கியது இப்பெருமிதமே. தொலைபேசியில் ஐந்து டொலர் வாக்களித்தவனும், அரங்கிற் காசோலை நீட்டிய நிறுவனத் தலைவரும் ஒரே பெருமிதத்தின் சிறிதும் பெரிதுமாகிய பங்குகளைப் பெற்றனர். அமெரிக்க வரலாற்றாசிரியர் போல் லோங்மோர் இவ்விழாக்களைப் பற்றி எழுதி, அவர் மறைந்து ஆறாண்டு கழித்து 2016இல் வெளிவந்த நூலும் இதனையொட்டிய கருத்தையே விரித்துரைக்கின்றது. பொருள் தேடுவதிலே மூழ்கிய சமுதாயம், தான் இன்னும் அறவுணர்ச்சி இழந்துவிடவில்லை எனத் தனக்குத் தானே காட்டிக்கொள்ளும் சடங்காக விழாவை அவர் கண்டார்.

விழாவின் முடிவில் லூயிஸ் ஆண்டுதோறும் ஒரே பாடலைக் கண்ணீர் மல்கப் பாடுவார். 1945இல் அரங்கேறிய 'கரசல்' என்னும் இசைநாடகத்திலிருந்து எடுக்கப்பட்ட அதன் தலைப்பு, நீ ஒருபோதும் தனியே நடக்கமாட்டாய் என்று பொருள்படும். நடத்தலே இயலாதோர் முன்னிலையில் அப்பாடலைத் தெரிந்தெடுத்தமை பாடகருக்கும் கேட்போருக்கும் பொருத்தமாகவே பட்டது என்பதிலிருந்து, சக்கர நாற்காலியில் இருந்தோர் அங்கே கேட்போராக எண்ணப்படவில்லை என்பது பெறப்படும்.

மெய்ப்பாடுகளைத் தன்கண் தோன்றுவன, பிறன்கண் தோன்றுவன எனப் பகுத்துக் காணுதல் உரையாசிரியர் மரபு. தன் துன்பத்துக்கு அழுதலும் பிறர் துன்பங் கண்டு அழுதலும் அழுகையே எனினும் இரண்டும் ஒன்றல்ல. கொடைவிழாவிலே பிறன்கண் தோன்றும் அழுகைக்கு மட்டுமே இடமுண்டு. நோயாளி தன் துன்பத்தைத் தானே உணர்ந்து, தானே அளந்து, தன் சொல்லாற் கூறுதற்கு அங்கே நேரமில்லை. கூறினும் அது பயன்படாது. ஏனெனில் அவன் கூறுவது பெரும்பாலும் வேறொன்றாக இருக்கும். படிக்கட்டுக்கு மாற்றாகச் சாய்தளம் இல்லை, தொழில் தருவாரில்லை, வீட்டிலே உதவிக்கு ஆளமர்த்த அரசு பொருள் தருவதில்லை என்பன அவன் முறைப்பாடுகளாகலாம். இவை கண்ணீர் வருவிப்பனவல்ல. வரிப்பணமும் சட்டமும் வேண்டுவன. ஐந்து டொலர் அனுப்பித் தீர்க்கக்கூடியதாகத் துன்பம் தோன்ற வேண்டுமாயின், அது உடம்பினுள் மட்டும் இருத்தல் வேண்டும். நோய் நீங்கினால் எல்லாம் நீங்கும் என்று சொல்லப்படுதல் வேண்டும். ஆகவே, உடம்புக்குப் புறத்தேயுள்ள தடைகள் அனைத்தும் விழாவின் கதையிலிருந்து நீக்கப்பட்டன. தனியொருவரின் தீய எண்ணத்தால் நிகழ்ந்த நீக்கமன்று இது. வடிவத்தின் தேவையால் நிகழ்ந்தது. லூயிஸை மட்டும் குற்றவாளியாக்கி அமைந்துவிடும் திறனாய்வு, வடிவத்தைத் தப்பவிடுகின்றது.

மறுதலையாகக் கூறத்தக்கனவற்றையும் நேர்மையாக நோக்குதல் வேண்டும். இவ்விழாக்களால் அரைநூற்றாண்டிலே திரண்ட தொகை 200 கோடி டொலருக்கு மேற்பட்டது. சக்கர நாற்காலிகளும் மருத்துவ நிலையங்களும் சிறுவர்க்கான கோடை முகாம்களும் அப்பணத்தால் நடந்தன. டுஷேன் என்னும் மருத்துவரின் பெயரால் வழங்கும் தசைநலிவு நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளைப் பற்றுவது. அதற்குரிய மரபணுவை 1986இல் கண்டறிந்த லூயி குங்கெல் குழுவினரின் ஆய்வுக்கு இச்சங்கத்தின் பொருளுதவி இருந்தது. முன்னர்ப் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ மாண்ட அந்நோயாளர் பலர், மூச்சுதவிக் கருவிகளாலும் மருந்துகளாலும் இன்று முப்பது வயதைக் கடந்து வாழ்கின்றனர். தன் மகன் மூச்சுவிட உதவும் கருவியைப் பெற்ற தாய்க்கு, அது எந்த மெய்ப்பாட்டிலிருந்து விளைந்த பணம் என்னும் ஆராய்ச்சி வேண்டாததே. இவ்வாதம் வலிமையுடையது, இதனை எளிதில் ஒதுக்குவோர் பசித்தவன் முன்னே சுவைநூல் படிப்போரை ஒப்பர்.

ஆயினும், அவ்வாதத்தின் உள்ளேயே அதன் குறையும் உண்டு. விழாவிற் காட்டப்பட்ட சிறுவன் முப்பது வயதை எட்டுவானாயின், அவனுக்கு வேண்டியவை யாவை? தொழில், வீடு, ஊர்ப்போக்குவரத்து, மணவாழ்க்கை. இவற்றைத் தரவேண்டியோர் யாவர்? அந்த விழாவைப் பார்த்தே அவனை அறிந்துகொண்ட தொழிலதிபரும் வீட்டுச் சொந்தக்காரரும் அயலவருமேயாவர். அவர் உள்ளத்தில் அவன் சாகப்போகுங் குழந்தையாகப் பதிந்திருக்கின்றான். குழந்தைக்கு யார் தொழில் கொடுப்பார்? நன்கொடையாக வந்த பணத்துக்கு விலையொன்று இருந்தது. அவ்விலையைச் செலுத்தியவர் கொடுத்தவரல்லர், பெற்றவரே.

இதனைத் தெளிவாக எடுத்துக் கூறியவர் எவன் கெம்ப் என்னும் சட்டத்தரணி. தசைகளைத் தாக்கும் நோயொன்றினால் அவரும் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தியவர். சட்டக் கல்வியிலே சிறந்த தேர்ச்சி பெற்றும், முப்பதுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் அவருக்கு வேலை தர மறுத்தன. 1981ஆம் ஆண்டு செப்டெம்பரில், விழாவுக்குச் சில நாள் முன்னதாக, நியூயோர்க் ரைம்ஸ் நாளிதழில் அவர் எழுதிய கட்டுரை பெருங் கலக்கத்தை விளைவித்தது. விழா குழந்தைகளையே முன்னிறுத்துவதால் வளர்ந்தோரும் குழந்தைகளென எண்ணப்படுகின்றனர். நோய் நீக்கத்தையே பேசுவதால் நோயோடு வாழ்தல் பயனற்றதெனத் தோன்றுகின்றது. இரக்கத்தை வளர்ப்பதால் அச்சமும் விலகலும் வளர்கின்றன என்பன அவர் கருத்தின் சாரம். இரக்கத்தின் அடியில் அச்சம் கிடப்பதை அவர் கண்டமை குறிப்பிடத்தக்கது. துன்பியல் நாடகத்தை ஆராய்ந்த அரிஸ்டோட்டிலும் இவ்விரண்டையுமே இணைத்துக் கூறினார். ஆனால், அவர் கூறிய இரக்கம் தன்னையொத்த ஒருவனுக்கு நேர்ந்த தகாத துன்பங் கண்டு எழுவது. கொடைவிழாவிலே துன்புறுவோன் பார்ப்போனை ஒத்தவனல்லன். அவனினும் தாழ்ந்தவனாக, வேறோர் இனத்தவனாகக் காட்டப்படுகின்றான். தொல்காப்பியர் பிணியை அழுகையிற் சேர்க்காது இளிவரலிற் சேர்த்தமையின் நுட்பம் இங்கே விளங்கும். அழுகை என்று பெயரிட்டு விழா விற்றது பெரும்பாலும் இளிவரலே.

இந்த முரண்பாடு 1990ஆம் ஆண்டிலே உச்சம் எய்தியது. அவ்வாண்டு ஜூலை 26இல், உடற்குறையுடையோரை வேலையிலும் பொதுவிடங்களிலும் வேறுபடுத்தி நடத்துதலைத் தடைசெய்யும் சட்டத்தில் ஜனாதிபதி புஷ் கையொப்பமிட்டார். அவ்வேளை அவரருகே மேடையில் அமர்ந்திருந்தோருள் கெம்ப் ஒருவர். ஆறு வாரங்கூடக் கழியவில்லை. செப்டெம்பர் முதற்கிழமையில், தமக்குத் தசைநலிவு நோய் இருந்தாற் போலக் கற்பனை செய்து லூயிஸ் எழுதிய கட்டுரை நாடெங்கும் பரவிய ஞாயிறு இதழொன்றிலே வெளிவந்தது. சக்கர நாற்காலியை உருக்குச் சிறையாகவும், அதில் இருப்போரை அரை மனிதராகவும் அது உருவகித்தது. சட்டம் முழு மனிதராக ஏற்றுக்கொண்டோரை விழாவின் தலைவர் பாதியாகக் குறைத்தார். அவர் உள்ளத்தில் வன்மம் இருந்ததென்று கொள்ளுதல் பொருந்தாது. அது தான் நினைத்தற்கரியது: அன்பினாலேயே அவர் அவ்வாறு எழுதினார். கற்பனையிலும் அவர் நோயாளியின் உள்ளே புகவில்லை. தம் அச்சத்தின் உள்ளேயே புகுந்தார்.

அடுத்த ஆண்டு, சிறுவராக இருந்தபோது இவ்விழாவின் சுவரொட்டிகளில் இடம்பெற்று வளர்ந்த மைக் எர்வின் முதலியோர் சிக்காகோவிலே ஓர் எதிர்ப்புக் குழுவை அமைத்தனர். 'ஜெரியின் அநாதைகள்' என்பது அதற்கு அவர் இட்ட பெயர். பிள்ளைகள் என்னும் சொல்லுக்கு இதனினும் கூர்மையான மறுமொழி இல்லை. இசைவில்லாத் தந்தையை உதறிய பிள்ளை தன்னை அநாதையென அழைத்துக்கொள்வதில் நகையும் உண்டு, வெகுளியும் உண்டு. 2009ஆம் ஆண்டு லூயிஸுக்கு மனிதநேயப் பணிக்கான ஒஸ்கார் விருது வழங்கப்பட்டபோதும் உடற்குறையுடையோர் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

கதைத் தொடர்களிலே நிலைமை வேறாக இருந்ததா என்னும் வினா எழலாம். கொடைவிழா தொடங்கிய மறு ஆண்டே, 1967இல், 'அயர்ன்சைட்' என்னும் தொடர் தொடங்கியது. சுடப்பட்டு இடுப்பின்கீழ் வழங்காது போன சன் பிரான்சிஸ்கோ நகரத் துப்பறிவாளர் ஒருவர் சக்கர நாற்காலியிலிருந்தே குற்றவாளிகளைப் பிடிப்பார். 1975 வரை அது நிகழ்ந்தது. தொழில் செய்யும், கட்டளையிடும், சினங்கொள்ளும் வளர்ந்த மனிதனை அது காட்டியது என்ற அளவிலே பாராட்டத்தக்கது. ஆயினும் அதில் நடித்த றேமண்ட் பேர் நடக்க வல்லவர். அசைவு என்பதற்கு முன்னைநிலை கெட்டு வருந்துதல் என உரைப்பர். அத்துப்பறிவாளரின் நிலை அது. பிறவியிலேயே அந்நிலையினராய் வளர்ந்தோர்க்கு இழந்த முன்னைநிலை என ஒன்றில்லை. அவரைக் கதைத்தலைவராக்கத் தொலைக்காட்சிக்கு மேலும் பல்லாண்டு சென்றது. ஏனைய தொடர்களிலே உடற்குறையுடையோன் பெரும்பாலும் உலகை வெறுக்குங் கொடியவனாகவோ, மனக்கசப்பிலே கிடந்து உடல்நலமுள்ள நண்பனொருவன் கடிந்துரைத்தபின் திருந்துபவனாகவோ வந்தான் என்பதை, முற்கூறிய லோங்மோர் 1985இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார். இரண்டு வகையிலும் குறை அவன் மனத்திலேயே வைக்கப்படுகின்றது, ஊரிலே குறையில்லை.

லோங்மோரின் வாழ்வே இதற்கொரு மறுப்பு. சிறுவயதிற் போலியோவாற் கைகளின் பயனை இழந்த அவர், வாயிற் கௌவிய எழுதுகோலாற் பொறியின் எழுத்துக்களை ஒவ்வொன்றாகத் தட்டி, ஜோர்ஜ் வாஷிங்டன் பற்றிய ஆராய்ச்சி நூலொன்றை இயற்றினார். நூல் வருவாய் ஈட்டினால் அவருடைய மூச்சுக்கருவிக்கும் உதவியாளருக்கும் அரசு தரும் உதவி நின்றுபோகும் என விதி கூறிற்று. 1988இல் லொஸ் ஏஞ்செல்ஸ் நகரில் அரசாங்க அலுவலகத்தின் முன்னே அந்நூலின் பிரதியொன்றை அவர் தீயிலிட்டார். தன் நூலைத் தானே எரித்த புலவன் எந்த மெய்ப்பாட்டுக்கு உரியவன்? கல்வியும் தறுகணும் ஒருங்கே அமைந்த பெருமிதம் அது. ஆனால் கொடைவிழாவின் இருபத்தொன்றரை மணிநேரத்தில் அக்காட்சிக்கு ஒரு நிமிடமும் ஒதுக்க இயலாது. பணம் அனுப்பித் தீர்க்கும் துன்பமன்று அது. பணம் ஈட்டினாற் பெருகும் துன்பம்.

கொடைவிழாவில் எட்டு மெய்ப்பாடுகளுள் ஏறக்குறைய ஏழும் உண்டு. அச்சமும் உண்டு, தம் மக்களுக்கும் இந்நோய் வருமோ என்பதாக. மருட்கையும் உண்டு, தொகைப் பலகையின் எண்களைக் காண்பதாக. இல்லாதது வெகுளி ஒன்றே. நோயாளர் சினங்கொள்ளுதல் அவ்வடிவம் தாங்கக்கூடியதன்று. நன்றியே அவர்க்கு விதிக்கப்பட்டது. அந்த வெகுளி வெளிப்பட்ட இடம் அரங்கின் உட்புறமன்று, வாயில்.

பிரித்தானியாவில் ஐ.ரி.வி. நிறுவனம் அமெரிக்க முறையைப் பின்பற்றி 1988, 1990, 1992 ஆகிய ஆண்டுகளிலே கொடைவிழா நடத்தியது. 1990இலேயே எதிர்ப்புத் தோன்றியது. 1992 ஜூலையில், இலண்டனின் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள தொலைக்காட்சி நிலையத்தின் முன்னே உடற்குறையுடையோர் ஆயிரவருக்கு மேற்பட்டோர் கூடினர். நகைச்சுவைக் கலைஞரான பார்பரா லிசிக்கியும், பாடகரான அலன் ஹோல்ட்ஸ்வேர்த்தும் அதனை முன்னின்று நடத்தியோர். இரக்கத்தின்மேல் உமிழ்வதினும் இழிந்த ஒன்றைச் செய்யுமாறு கூறும் வசனம் பொறித்த சட்டைகளை அவர்கள் அணிந்திருந்தனர். அவ்வசனம் கல்லூரி மலரொன்றில் அச்சிடத்தக்கதன்று. அந்த நோக்கத்துக்காகவே அது தெரிந்தெடுக்கப்பட்டது. கண்ணீரோடு கேட்கத்தக்க சொற்களையே அதுகாறும் தம் வாயிலிருந்து எதிர்பார்த்தோருக்கு, கேட்கத் தகாத சொல்லால் விடை கூறினர். வெகுளியின் நிலைக்களன் நான்கனுள் உறுப்பறையும் அலையும் அடங்கும். உறுப்பு அறுதலாற் பிறப்பது வெகுளி எனக் கூறிய நூல், உறுப்புக் குறைந்தோன் அழவேண்டும் எனக் கூறவில்லை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 1992க்குப் பின் ஐ.ரி.வி. அவ்விழாவை நடத்தவில்லை.

முப்பது ஆண்டு கழிந்தபின், 2022 மார்ச்சில், இவ்வரலாற்றையே பி.பி.சி. நாடகமாக ஒளிபரப்பியது. 'பின்னர் பார்பரா அலனைச் சந்தித்தாள்' எனப் பொருள்படும் தலைப்புடைய அதனை ஜக் தோர்ணும் ஜெனிவீவ் பாரும் எழுதினர்; பின்னவர் செவிப்புலன் குன்றியவர். பார்பராவாக நடித்த ரூத் மேட்லி முதுகுத்தண்டு பிறவியிலேயே முற்றாக மூடாத நிலையுடையவர். அலனாக நடித்த ஆதர் ஹியூஸ் ஒரு கையிற் பிறவிக்குறை உடையவர். காதலும் மகப்பேறும் பூசலும் பேருந்துகளோடு தம்மைப் பிணைத்துக்கொண்டு மறியல் செய்தலும் அதனுள் வருகின்றன. 1995இல் நிறைவேறிய சட்டம் தாம் வேண்டியதிற் குறைந்தது என்னும் மனக்குறையும் மறைக்கப்படவில்லை. பார்பரா இடையிடையே பார்ப்போரை நேராக நோக்கிப் பேசுகின்றாள். கொடைவிழாவிலே ஒளிப்படக் கருவியை நேராக நோக்கிப் பேசும் உரிமை நடத்துவோனுக்கே இருந்தது, குழந்தைகள் நோக்கப்பட்டனர். ஒரு நோக்கின் திசை மாறியமை எத்துணைப் பெரிய மாற்றம் என்பதற்கு இந்நாடகம் சான்று. இது குறையற்றதன்று. ஒரு மணிநேரத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்துட் பல்லாண்டு நிகழ்ச்சிகளை அடக்க முயன்றமையால், காதற்கதை சில இடங்களில் வரலாற்றுக்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்கின்றது. துணைப் பாத்திரங்கள் பெயரளவில் நின்றுவிடுகின்றனர். எனினும், இதிலே எவரும் இரக்கத்துக்குரியராக வரவில்லை. பார்பரா சில வேளைகளில் வெறுக்கத்தக்கவளாகவும் இருக்கின்றாள். நோயாளி வெறுக்கத்தக்கவளாக இருத்தற்கும் உரிமையுண்டு என்பதைத் தொலைக்காட்சி ஏற்றுக்கொள்ள இத்துணைக் காலம் சென்றது.

இவ்வெதிர்ப்புகளை எல்லாம் கடந்து கொடைவிழா வேறுருவங்களில் வாழ்கின்றது. பி.பி.சி. 1980இல் தொடங்கிய, சிறுவர் நலனுக்கான விழா ஆண்டுதோறும் நவம்பரில் இன்றும் நிகழ்கின்றது. ஒரு கண்ணிலே கட்டுப் போட்ட கரடிக்குட்டி அதன் சின்னம். காயம்பட்டதும் பேசாததும் ஆகிய பொம்மையே இரக்கத்துக்கு மிகவும் வசதியானது என்பதை அச்சின்னத்தை ஆக்கியோர் உணர்ந்தோ உணராமலோ உணர்த்திவிட்டனர். அமெரிக்கத் தசைநலிவுச் சங்கம் தன் விழாவை 2015இல் முடிவுக்குக் கொண்டுவந்தது. லூயிஸ் 2017 ஓகஸ்டில் தமது 91ஆவது வயதிற் காலமானார். 2020 ஒக்டோபரில் கெவின் ஹார்ட் என்னும் நகைச்சுவை நடிகரைத் தலைமையாகக் கொண்டு அச்சங்கம் விழாவை இணையவழியே மீண்டும் நடத்தியது. இருபத்தொன்றரை மணிநேரம் இரண்டு மணிநேரமாகச் சுருங்கியிருந்தது. நடத்துவோர் பெயரும் மாறியிருந்தது. 'பிள்ளைகள்' என்னுஞ் சொல் மட்டும் விழாவின் பெயரில் அப்படியே இருந்தது.